சிதைந்த ஒலிநாடா, எட்டு ஸ்பீக்கர், குலுக்கல்: அறிகுறி பார்த்துக் கோளாறு தீர்க்கும் வழிமுறை

கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெற்றுகள், கோணேசர் கோயில் திருவிழாவில் யாரோ மடியில் ரெக்கோடரை வைத்துப் பதிந்த நாதஸ்வரம், இலங்கை வானொலியிலிருந்து பிடித்துவைத்த பாட்டுகள், கலியாண வீட்டுச் சத்தம் என்று திருகோணமலை வீட்டு அலுமாரிகளில் ஒலிநாடாக்கள் இன்னும் கிடக்கின்றன. இவற்றைச் சிறு துண்டுகளாக்கி, கேட்பவரைச் சுற்றி எட்டு ஸ்பீக்கர்களை வைத்து, எந்தத் துண்டு எப்போது எந்தத் திசையிலிருந்து வரும் என்பதைக் குலுக்கலிடம் விட்டுவிடும் ஒலிக்கலையில் இறங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ரேடியோ திருத்துபவரின் கடையில் இரைச்சல் என்றாலே கோளாறுதான். இந்தக் கலையில் அப்படி முடிவு செய்ய முடியாது. பல ஆண்டுகள் உப்புக்காற்றில் கிடந்த நாடாவின் தேய்வே நமது மூலப்பொருள். ஆகவே எதையும் தொடுமுன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: இந்தக் குறை நாடாவுடையதா, இயந்திரத்துடையதா, வயர்களுடையதா, அறையுடையதா, குலுக்கல் முறையுடையதா? நாடாவுடையது என்றால் கை வைக்காதீர்கள். மற்ற நான்கில் எதுவானாலும் தயவு தாட்சண்யமின்றி நீக்குங்கள். அழுக்கேறிய ஹெட்டினால் (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் முனை) மங்கிப்போன ஒரு குரலைக் காலம் தின்ற குரல் என்று கேட்பவருக்குக் கொடுப்பது பொய்.

கண்டறிவது எளிது. நாடாவின் ஓரத்தில் படலம் தெரிந்தால் எதிலும் போடாமல் நேரே அடுத்த பகுதிக்குப் போங்கள். இல்லையென்றால் அதே நாடாவை வேறொரு இயந்திரத்தில் போடுங்கள். அதே இடத்தில் அதே குறை வந்தால் நாடாவுடையது. அதே இயந்திரத்தில் வேறு நாடா போட்டும் குறை தொடர்ந்தால் இயந்திரத்துடையது. நாடா ஓடாமல் நிற்கும்போதும் சத்தம் வந்தால் வயர்களை அல்லது அறையைப் பாருங்கள். இவ்வளவையும் செய்துவிட்டுக் கீழே உள்ள அறிகுறிகளுக்கு வாருங்கள்.

நாடாவின் ஓரத்தில் வெள்ளை அல்லது சாம்பல் படலம்

பூஞ்சணம். இந்த நாடாவை எந்த இயந்திரத்திலும் போடாதீர்கள். ஹெட்டில் ஒட்டும் பூஞ்சணம் அடுத்து வரும் எல்லா நாடாக்களுக்கும் பரவும். வேகமாகச் சுற்றியும் பார்க்காதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் சுற்றுகள் பிரியும்போது காந்தப் பூச்சு உரிந்துவிடும்.

முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் இதில் இறங்கவே கூடாது. நாடாவை முதலில் சிலிக்கா ஜெல் பைகளுடன் மூடிய பெட்டியில் வைத்து நன்றாக உலரவிடுங்கள். ஈரமான பூஞ்சணம் துடைக்கத் துடைக்கப் பூசிக்கொள்ளும். உலர்ந்தது பொடியாக உதிரும். பிறகு மென்மையான தூரிகையால் ஓரங்களைத் துலக்குங்கள். கசெற்றின் கூடு திருகாணி போட்டது என்றால் திறந்து, நாடாச் சுருளைப் புதிய கூட்டுக்கு மாற்றிவிடலாம்.

பருவம் முக்கியம். ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில், காற்றே நீராக இருக்கும்போது, பழைய பெட்டிகளைத் திறக்க வேண்டாம். கச்சான் வீசும் ஆடி, ஆவணி நாட்கள் இதற்கென்றே வந்தவை போல உலர்ந்தவை. உலரவைப்பது என்றால் நிழலில். வெயிலில் காயப்போட்டால் கூடு நெளியும், நாடாவும் வடிவம் கெடும்.

2004 டிசம்பர் 26 கடல்கோளில் நனைந்து பிழைத்த நாடாக்கள் சில வீடுகளில் இருக்கலாம். அவற்றில் உப்புப் படிகங்கள் காய்ந்திருக்கும். வடித்த நீரில் அலசி, குளிர்ந்த காற்றோட்டத்தில் ஆறவிட வேண்டும். முதலில் தொடக்கத்தில் உள்ள சில சென்டிமீட்டரை மட்டும் நனைத்துப் பாருங்கள். பூச்சு கையோடு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

நாடா கிறீச்சிடுகிறது, அல்லது ஓடி ஓடி நின்றுவிடுகிறது

கசெற்றாக இருந்தால் பெரும்பாலும் கூட்டின் கோளாறு. உள்ளே நாடாச் சுருளின் இருபுறமும் இருக்கும் வழுவழுப்பான தாள்கள் வறண்டோ நெளிந்தோ போயிருக்கும். நல்ல கூட்டுக்கு மாற்றினால் பல கசெற்றுகள் அமைதியாகிவிடும். இயந்திரத்தின் ரப்பர் உருளை பளபளத்து இறுகியிருந்தாலும் இதே சத்தம் வரும்.

கூடு இல்லாமல் பெரிய சக்கரத்தில் சுற்றி வரும் சுருள் நாடாவாக இருந்தால் கதை வேறு. 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட, பின்புறமும் பூச்சுள்ள பொலியெஸ்டர் நாடாக்களில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கத் தொடங்கும். ஹெட்டில் பழுப்புப் பசை அப்பும். இதற்கு உலகெங்கும் செய்யும் பரிகாரம் சுமார் 54 பாகை செல்சியஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ சீராகச் சூடாக்குவது. சமையல் அடுப்பு இதற்கு உதவாது. அதன் வெப்பம் தாவும். உணவு உலர்த்தும் மின்பெட்டியும் தனியான வெப்பமானியும் வேண்டும். குணம் சில வாரங்களுக்கே நிற்கும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும்.

ஆனால் சூடாக்குமுன் சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சுருளின் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவினால் அது அசிற்றேற்று நாடா. வினாகிரி வாடையும் வரலாம். அதைச் சூடாக்கவே கூடாது. கசெற்றுகளுக்கும் இந்தச் சூட்டு வைத்தியம் வேண்டாம்.

குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல் மங்கியிருக்கிறது

இந்த அறிகுறியில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மங்கல் அழகாக இருக்கிறது, அப்படியே விட்டுவிடலாம் என்ற ஆசை வரும். ஐந்து இடங்களைச் சோதித்த பிறகே அந்த ஆசைக்கு இடம் கொடுங்கள்.

ஹெட்டை ஐசோபுரோப்பைல் மதுசாரத்தில் தோய்த்த பஞ்சுக் குச்சியால், பஞ்சு வெள்ளையாகவே வரும் வரை துடையுங்கள். அடுத்து, கசெற்றின் வாயில் நாடாவை ஹெட்டின் மீது அழுத்திப் பிடிக்கும் சிறிய கம்பளித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் ஊர் ஈரத்தில் அதை ஒட்டிய பசை விட்டுப்போய், துண்டு கூட்டுக்குள் எங்கோ கிடக்கும். ஒலி மங்கி, விட்டுவிட்டு வந்தால் இதுதான். வேறொரு கசெற்றிலிருந்து எடுத்து வைத்துவிடலாம். மூன்றாவதாக, நாடாவின் சீறலைக் குறைக்கும் டொல்பி பொத்தான். டொல்பி இல்லாமல் பதிந்த நாடாவை டொல்பி போட்டுக் கேட்டால் உயர் ஒலிகள் அடங்கிவிடும். நான்காவதாக, நாடா வகைப் பொத்தான். சாதாரண இரும்பு ஒட்சைட்டு நாடாவுக்கு 120 மைக்ரோசெக்கன் சமப்படுத்தல் வேண்டும். குரோம் நாடாவுக்குரிய 70-இல் நின்றால் சற்று மங்கும்.

ஐந்தாவது, ஹெட்டின் சாய்வு. அந்தக் கசெற்றைப் பதிந்த வீட்டு ரெக்கோடரின் ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்திருக்கும். உங்கள் ஹெட் நேராக நின்றால் இரண்டும் ஒத்துவராது, உயர் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட சிறு திருகாணி இருக்கும். காந்தமேறாத திருப்புளியால், நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரு தடங்களையும் ஒன்றாகக் கலந்து கேட்டபடி மெல்லத் திருப்புங்கள். ச, ஸ ஒலிகள் எங்கே கூர்மையாக எழுகின்றனவோ அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கசெற்றுக்கும் இதைச் செய்ய வேண்டும், சோம்பல் கூடாது. முடிந்த பின் ஆலையில் பதிந்து விற்ற நல்ல கசெற் ஒன்றைப் போட்டு ஹெட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் குரல் மங்கலாகவே இருந்தால் அது நாடா இழந்துவிட்ட ஒலி. கணினியில் உயர் ஒலிகளைத் தூக்கி அதை இளமையாக்க முயலாதீர்கள். எழுவது வெறும் சீறல்தான்.

பேச்சு பின்னோக்கிக் கேட்கிறது

எவ்வளவு பலமாக என்று பாருங்கள். முழுப் பேச்சும் தலைகீழாகவும் மங்கலாகவும் வந்தால் நாடா கூட்டுக்குள் ஒருமுறை முறுக்கிக்கொண்டுவிட்டது. ஹெட்டில் படுவது நாடாவின் முதுகு. கேட்பது மறுபக்கத்தின் பதிவு. கூட்டைத் திறந்து முறுக்கை எடுங்கள். சரியான பேச்சுக்குப் பின்னால் மெல்லிதாக மட்டும் தலைகீழ்க் குரல் வந்தால் ஹெட்டின் உயரம் தவறியிருக்கிறது, மறுபக்கத் தடம் எட்டிப்பார்க்கிறது. இரண்டும் இயந்திரப் பிழைகள். கலைக்காக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். என் விடை: வேண்டாம். அந்தக் குரல் அந்த வரிசையில் பேசப்படவில்லை.

சொல் வருமுன்பே அதன் நிழல் கேட்கிறது

பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த சுருளில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு பக்கத்துச் சுற்றில் படிந்துவிடும். கசெற் நாடா செக்கனுக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடுகிறது. ஒரு சுற்றின் நீளம் சுருளின் பருமனைப் பொறுத்து ஏறத்தாழ 7 முதல் 16 சென்டிமீட்டர். ஆகவே நிழல் ஒன்றரை முதல் மூன்றரை செக்கன் முன்னதாகவோ பின்னதாகவோ வரும். நாடாவின் தடிப்புக் குறையக் குறைய நிழல் கூடும். 120 நிமிடக் கசெற்றுகளில் கவனியுங்கள். இது நாடாவின் சொந்தச் சொத்து. துண்டு வெட்டும்போது குரல் தொடங்கும் இடத்தில் வெட்டிவிடாமல், முன்னால் நான்கு செக்கன் விட்டு வெட்டுங்கள். அந்த மெல்லிய முன்குரல் ஒரு ஸ்பீக்கரிலிருந்து வந்து, குலுக்கல் அடுத்த துண்டை எதிர்த்திசையில் எழுப்பும்போது கேட்பவர் தானாகவே திரும்பிப் பார்க்கிறார். எட்டு ஸ்பீக்கர் வைப்பதன் நியாயமே அதில் இருக்கிறது.

அடியில் ஓர் உறுமல்

நாடாவை நிறுத்துங்கள். உறுமல் தொடர்ந்தால் அது நமது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அல்லது அதன் இரட்டிப்பான 100. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து இயக்குங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றுங்கள். உறுமல் நின்றால், கணினிக்கும் அம்பிளிபயருக்கும் நடுவே ஒலிக்கான தனிமைப்படுத்தும் மின்மாற்றி ஒன்றைப் போடுங்கள். புவித்தொடுப்புப் பின்னைக் கழற்றினால் உறுமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுமலோடு உயிரும் போகலாம். இயந்திரத்தைத் திருப்பி வைக்க உறுமல் கூடிக் குறைந்தால் பக்கத்தில் ஏதோ மின்மாற்றி இருக்கிறது, நகர்த்தி வையுங்கள்.

நாடாவை நிறுத்தியதும் உறுமலும் நின்றால் அது பதிவுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பொன்னாகக் காப்பாற்றுங்கள். மின்சாரத்தில் ஓடிய ரெக்கோடர் தன் ஊரின் மின் அலையையும் சேர்த்துப் பதிந்துவிட்டது. கணினியில் அலைவரிசைப் படத்தைத் திறந்து அந்த உறுமல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இங்கே பதிந்த கசெற்றில் அது 50-இல் நிற்க வேண்டும். 48-இல் நின்றால் நாடா இப்போது 4 சதவீதம் மெதுவாக ஓடுகிறது. பெல்ட் தளர்ந்திருக்கலாம், மோட்டாரின் வேகம் இறங்கியிருக்கலாம். பதிந்தவரின் உண்மையான குரல் சுருதியை மீட்க இதைவிட நல்ல சாட்சி வேறில்லை.

ஒரு எச்சரிக்கை. சவூதி அரேபியாவின் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். குவைத், கட்டார், ஐக்கிய அமீரகம், ஓமான் 50. ரியாத்தில் ஓர் அறையில் மின்சாரத்தில் ரெக்கோடரை ஓடவிட்டுப் பேசி மூதூருக்கு அனுப்பிய கசெற்றில் 60-இல் உறுமல் இருந்தால் அது பிழையன்று. அதை 50-க்கு இழுத்தால் பேசியவரின் குரலை ஆறில் ஒரு பங்கு தாழ்த்திவிடுவீர்கள். நாடா எந்த நாட்டிலிருந்து வந்தது என்று வீட்டாரிடம் கேட்டு, உறையிலேயே எழுதி வையுங்கள். இரண்டு ஊர்களின் உறுமல்கள் இரண்டு ஸ்பீக்கர்களிலிருந்து ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது பிறக்கும் அதிர்வை எந்த இசைக்கருவியிலும் நான் கேட்டதில்லை. குலுக்கல் அதைத் தரும் நேரங்களுக்காகக் காத்திருக்கத் தகும்.

வளையம் ஒவ்வொரு சுற்றிலும் சொடுக்குகிறது

நாடாத் துண்டு ஒன்றின் இரு நுனிகளையும் ஒட்டி, ஓயாமல் சுற்றவிடுவதே வளையம். அது சொடுக்கினால், வெட்டிய பிளேட்டில் காந்தம் ஏறியிருக்கிறது, அல்லது வெட்டு செங்குத்தாக இருக்கிறது. காந்தம் நீக்கிய பிளேட்டால் 45 பாகைச் சரிவில் வெட்டி, நாடா ஒட்டுவதற்கென்றே வரும் பட்டையால் ஒட்டுங்கள். சாதாரண செலோடேப்பின் பசை நம் வெக்கையில் கசிந்து அடுத்த சுற்றையும் ஹெட்டையும் நாசமாக்கும். ஐந்து செக்கன் வளையத்துக்குக் கசெற் நாடா 23.8 சென்டிமீட்டர் வேண்டும்; செக்கனுக்கு 19 சென்டிமீட்டர் ஓடும் சுருள் இயந்திரத்தில் 95 சென்டிமீட்டர்.

சுற்றச் சுற்ற ஒலி தேய்ந்துகொண்டே போகிறது என்றால், அதைத்தான் தேடி வந்திருக்கிறோம். ஆனால் அது வீட்டார் தந்த மூல நாடாவாக இருக்கக் கூடாது. மூலத்தை ஒரேயொரு முறை நன்றாக ஓடவிட்டு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து (மணிக்கு இரண்டு கிகாபைட்டுக்குச் சற்று மேல் பிடிக்கும்), அதிலிருந்து வேறொரு நாடாவில் பிரதி எடுத்து அந்தப் பிரதியைத் தேயவிடுங்கள். ஒரு தாயின் குரல் இருக்கும் ஒரே நாடாவைக் கலைக்காகத் தின்னக் கொடுப்பதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை.

எல்லா வளையங்களும் அடிக்கடி ஒன்றாகத் தொடங்குகின்றன என்றால் நீளங்களைப் பாருங்கள். 8, 12, 24 செக்கன் வளையங்கள் 24 செக்கனுக்கு ஒருமுறை சேர்ந்துவிடும். 7, 11, 13 செக்கன் வைத்தால் மறுபடி சேர 1001 செக்கன், அதாவது 16 நிமிடம் 41 செக்கன் ஆகும்.

எட்டில் இரண்டு ஸ்பீக்கர்கள் மட்டும் ஒலிக்கின்றன

கோப்பு வெளியேறும்போதே இரண்டு தடமாகச் சுருங்கிவிட்டது. ஒலியை வெட்டித் தொகுக்கும் ஆடாசிட்டி மென்பொருள் தானாக விட்டால் ஸ்டீரியோவாகவே கலக்கும். ஏற்றுமதி செய்யும்போது தடங்களைத் தனித்தனியாக ஒதுக்க வேண்டும். எம்பி3 இரண்டு தடத்துக்கு மேல் தாங்காது. திரையில் பெட்டிகளை இணைத்துக் குலுக்கலை இயக்கும் பியூர் டேட்டா மென்பொருளில் ஒலி அமைப்புக்குள் போய் வெளியீடு எட்டு என்று கொடுத்து, வெளியீட்டுப் பெட்டியிலும் ஒன்று முதல் எட்டு வரை எண்களை எழுத வேண்டும்.

நான்காவது ஸ்பீக்கர் மட்டும் உறுமிக்கொண்டு குரலே வராமல் இருந்தால், கணினி உங்கள் கோப்பைத் திரையரங்கு ஒலி என்று எண்ணி நான்காவது தடத்தை அடியொலிப் பெட்டிக்குரியதாக நினைத்துவிட்டது. அந்த அமைப்பை நிறுத்துங்கள்.

ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடிய கோப்பு அதன் பிறகு நின்றுவிட்டால் வேவ் கோப்பின் 4 கிகாபைட் எல்லையைத் தொட்டிருக்கிறீர்கள். எட்டுத் தடம், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் சுமார் 62 நிமிடத்தில் அது வந்துவிடும். அந்த எல்லை இல்லாத ஆர்எஃப்64 வடிவில் சேமியுங்கள்.

இரு ஸ்பீக்கர்கள் சேர்ந்ததும் ஒலி மெலிகிறது

ஒன்றின் வயர்கள் மாறியிருக்கின்றன. அம்பிளிபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் முனைகளால் ஒரு கணம் தொடுங்கள். நேர்முனை நேர்முனையில் பட்டால் கூம்பு வெளிப்பக்கம் தள்ளும். எட்டையும் இப்படிப் பார்த்து ஒரே மாதிரி இணைத்துவிட்டால் தீர்ந்தது.

குலுக்கல் குலுக்கலாகத் தெரியவில்லை

மனிதர்கள் எதிர்பார்க்கும் குலுக்கலும் உண்மையான குலுக்கலும் வேறு வேறு. அமெரிக்க இசையாளர் ஜோன் கேஜ் 1952-இல் எட்டுத் தனித்தனி நாடாக்களுக்கான ஒரு படைப்பில் துண்டுகளின் தேர்வையும் வரிசையையும் காசு சுண்டித் தீர்மானித்தார். காசு சொன்னதைத் தன் விருப்பத்துக்கு மாற்றாமல் ஏற்றுக்கொண்டது அவருடைய ஒழுக்கம். நாமும் அதைப் பழக வேண்டும். ஆனால் காசே கோணலாக இருந்தால் அந்த ஒழுக்கத்தால் பயனில்லை.

நடு ஸ்பீக்கர்களே அதிகம் ஒலிக்கின்றனவா? சோழி உருட்டுகிறீர்களா என்று பாருங்கள். சோழி எங்கள் ஊருக்குச் சொந்தமான கருவி, கையில் எடுக்கவே ஆசையாக இருக்கும். ஆனால் நான்கு சோழிகள் விழும் விதங்கள் பதினாறு. ஒன்றும் நிமிராமல் விழுவது 1, ஒன்று நிமிர்வது 4, இரண்டு நிமிர்வது 6, மூன்று 4, நான்கும் 1. ஆக 'இரண்டு' என்ற எண் 'நான்கு' என்ற எண்ணைவிட ஆறு மடங்கு வரும். சோழியின் முதுகும் வாயும் சமமாக விழுவதில்லை என்பதையும் சேர்த்தால் கோணல் இன்னும் கூடும். எட்டு ஸ்பீக்கருக்கும் சம வாய்ப்பு வேண்டுமானால் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களை ஒன்றாகச் சுண்டுங்கள். தலை விழுந்தால் முறையே 1, 2, 4 என்று எண்ணிக் கூட்டினால் 0 முதல் 7 வரை எட்டு விடைகளும் சமமாக வரும். சோழியை விட மனமில்லை என்றால் ஒலியின் பலத்தைத் தீர்மானிக்க வைத்துக்கொள்ளுங்கள். மிதமான பலம் அடிக்கடியும் உச்சமும் மௌனமும் அபூர்வமாகவும் வருவது காதுக்கு நன்றாகவே இருக்கிறது.

எட்டாவது ஸ்பீக்கர் ஒருபோதும் ஒலிக்காமல், அவ்வப்போது காரணமில்லாத அமைதி வருகிறதா? பியூர் டேட்டாவில் ராண்டம் என்ற பெட்டிக்கு 8 கொடுத்தால் அது 0 முதல் 7 வரைதான் தரும். ஒன்றைக் கூட்டுங்கள்.

ஒவ்வொரு காலையும் கணினியைத் திறக்கும்போது அதே வரிசை வருகிறதா? அந்தப் பெட்டி ஒரு விதை எண்ணிலிருந்து கணக்குப் போட்டே எண்களைத் தருகிறது. ஒவ்வொரு முறையும் அதே விதையில் தொடங்கினால் அதே வரிசைதான் முளைக்கும். தொடங்கும்போது நேரத்தை விதையாக அனுப்புங்கள். பார்வையாளர் இரண்டாம் நாளும் வருகிற ஊர் இது, அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரே ஸ்பீக்கர் இரண்டு மூன்று முறை தொடர்ந்து ஒலிக்கிறது என்ற முறைப்பாடு வந்தால் எதையும் தொடாதீர்கள். எட்டிலிருந்து நான்கு முறை எடுத்தால் ஏதாவது ஒன்று திரும்ப வரும் வாய்ப்பு 59 சதவீதம். எட்டு முறை எடுத்து எட்டும் வெவ்வேறாக வருவது ஆயிரத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். ஆனால் அதே துண்டு, அதே அழுகை, உடனே மறுபடி வந்தால் கேட்பவர் இயந்திரம் சிக்கிவிட்டது என்று நினைப்பார். ஆகவே திசைக்கு நாணயமும், துண்டுக்குத் திருவுளச்சீட்டும் வைத்துக்கொள்வதே என் முறை: எடுத்த சீட்டை எல்லாம் தீரும்வரை குடத்துக்குள் திரும்பப் போடக்கூடாது.

திடீரென்று காதை அடைக்கிறது

குலுக்கல் எட்டையும் ஒரே நேரத்தில் எழுப்பும் கணம் வந்தே தீரும். தொடர்பில்லாத எட்டு ஒலிகள் சம பலத்தில் சேர்ந்தால் 9 டெசிபல் கூடும். ஒரே ஒலி எட்டிலும் ஒத்து வந்தால் கேட்பவரின் இடத்தில் 18 வரை கூடலாம். அந்த இடைவெளியை முன்கூட்டியே விட்டு ஒவ்வொரு தடத்தையும் தாழ்த்தி வையுங்கள். ஒரே நேரத்தில் ஐந்துக்கு மேல் வேண்டாம் என்று குலுக்கலுக்கே விதி போடுவதும் நியாயமானது.

மென்மையான துண்டுகள் கேட்கவே இல்லை

உப்புவெளியிலோ டச்பே பக்கத்திலோ கடலுக்கு முகம் வைத்த மண்டபம் என்றால் அலையின் இரைச்சலும் நாடாவின் சீறலும் ஒரே இனம். பெரியது சிறியதை விழுங்கும். ஒலியைக் கூட்டுவது தீர்வாகாது. கடல் பக்க யன்னல்களை மூடுங்கள், அல்லது உட்துறைமுகப் பக்கம் இடம் பாருங்கள். வாடை வீசும் மாதங்களில் இந்தப் பிரச்சினை இரட்டிப்பாகும்.

குரல் நடுங்குவது போல் வெட்டி வெட்டிக் கேட்டால், நாடாவைக் குறை சொல்லுமுன் மின்விசிறியை நிறுத்திப் பாருங்கள். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே சுழலும் இறக்கை ஒலியை நறுக்கும். வெக்கைக்கு மின்விசிறி வேண்டும்தான். கேட்பவர்களின் தலைக்கு மேலிருந்து அகற்றிச் சுவரோரம் வையுங்கள்.

பாங்கும் கோயில் மணியும் விகாரையின் பிரித்தும் ஒரே காற்றில் வரும் ஊர் இது. அந்த நேரங்களைப் பட்டியலிட்டுக் குலுக்கலுக்குள் மௌனமாக எழுதிவிடுங்கள். அயலவர் வந்து கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது.

ஜெனரேட்டருக்கு மாறியதும் சுருதி ஏறுகிறது

கணினியில் இப்படி நடக்காது. கசெற் இயந்திரங்களிலும் பெரும்பாலும் நடக்காது. மின் அலையோடு சேர்ந்து சுழலும் மோட்டார் உள்ள பழைய சுருள் இயந்திரங்களில் நடக்கும். ஜெனரேட்டர் 52 ஹெர்ட்ஸில் ஓடினால் வேகம் 4 சதவீதம் கூடி, சுருதி ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். ஜெனரேட்டரின் வேகத்தைத் திருத்துங்கள், அல்லது அந்த நேரத்துக்கு அந்த நாடாவின் டிஜிட்டல் பிரதிக்கு மாறுங்கள்.

நாடாவைத் தந்தவர் பாதியில் எடுத்துவிடச் சொல்கிறார்

இதற்கும் முன்கூட்டியே வழி செய்து வைக்க வேண்டும். போரிலும் கடல்கோளிலும் ஆட்களை இழந்த ஊரில், தன் தம்பியின் குரல் எந்தக் கணத்தில் எந்தத் திசையிலிருந்து எழும் என்று தெரியாமல் ஒரு அக்கா உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கும். வீட்டில் அவர் சம்மதம் தந்திருக்கலாம். மண்டபத்தில் கேட்டபின் மனம் மாறலாம். காரணம் கேட்காதீர்கள். "நல்லதக்கா, இப்போதே எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு எடுத்துவிட வேண்டும்.

அது கைகூட வேண்டுமானால் தொடக்கத்திலேயே ஒவ்வொரு வீட்டின் துண்டுகளையும் தனித்தனிக் கோப்புறையில், வீட்டுக்கு ஓர் எண் கொடுத்து வையுங்கள்; பெயர் எழுத வேண்டாம். பியூர் டேட்டா அந்தக் கோப்புறைகளைப் பட்டியல் பார்த்துத் திறக்கும்படி அமைத்தால், பட்டியலில் ஒரு வரியை அழித்ததும் அந்த வீட்டுக் குரல்கள் எல்லாம் குலுக்கலிலிருந்து விலகிவிடும், மற்றவை தடையின்றி ஓடும். ராண்டம் பெட்டிக்குக் கொடுத்த எண்ணையும் அதற்கேற்பக் குறையுங்கள். மறந்தால் இல்லாத கோப்பைத் தேடிப் பிழை காட்டும். தேயவிட்ட பிரதி நாடாவில் அந்தக் குரல் இருந்தால் அதையும் இயந்திரத்திலிருந்து கழற்றி, மூல நாடாவோடும் டிஜிட்டல் பிரதி உள்ள பென் டிரைவோடும் சேர்த்து அன்றைக்கே அவர்கள் கையில் கொடுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் பிரதியை வைத்துக்கொள்வதா அழிப்பதா என்பதையும் அவர்களிடமே கேளுங்கள்.